தொலோலிங் சரிவின் இருட்டுக்கு எந்தப் படத்தை வைப்பது

போர்முனை அனுபவங்களைப் பற்றிய ஆவணப்படங்களைத் தொகுக்கும் வேலையில் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் சிக்கல் ஒன்றுதான்: படைவீரர் சொல்லும் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தக் காட்சியை வைப்பது? கார்கில் போரில் பணியாற்றி ஊர் திரும்பிய வேலூர் மாவட்டத்து முன்னாள் படைவீரர்கள் சிலரைப் பற்றிய படத்தைத் தொகுத்தபோது இந்தச் சிக்கல் முழு உருவத்தோடு என் மேசைக்கு வந்தது.

இந்தியாவின் முதல் தொலைக்காட்சிப் போர் என்று 1999ஆம் ஆண்டின் அந்தப் போரைச் சொல்வார்கள். ஆனால் கேமராக்கள் நின்றது பெரும்பாலும் ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதிகளில். சண்டையின் கடுமையான பகுதியோ அதற்கு மேலே, ஏறத்தாழ 15,000 அடிக்கும் மேற்பட்ட முகடுகளில், பெரும்பாலும் இரவில் நடந்தது. கற்களை அடுக்கிக் கட்டிய 'சங்கர்' என்னும் பதுங்கிடங்களில் மேலே காத்திருந்தவர்களின் கண்ணில் படாமல் மொட்டைச் சரிவில் பகலில் ஏற வழியில்லை. ஆகவே காப்பகங்களைத் தேடினால் கிடைப்பவை பகல் காட்சிகள்தாம்: சுட்டதும் பின்னால் உதைக்கும் போபர்ஸ் பீரங்கி, ராணுவ லாரிகளின் வரிசை, வெற்றிக்குப் பின் முகட்டில் கொடியோடு நிற்கும் வீரர்கள். ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று எல்லாச் சேனல்களிலும் இவையே சுழல்கின்றன. பார்த்துப் பார்த்து, போர் என்றால் பகலில் பீரங்கி சுடுவது என்றே நமக்குப் பதிந்துவிட்டது.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. முதல் உலகப் போரின்போது பிரான்சில் நடந்த சோம் போர் பற்றி 1916இல் பிரிட்டனில் வெளியான ஆவணப்படத்தை, வெளியான ஆறு வாரங்களில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். அந்தப் படத்தில் ஜூலை 1ஆம் நாள் காலை ஹாத்தார்ன் முகட்டில் நிலத்தடிச் சுரங்கத்தில் வைத்த வெடி வெடித்து மண் மேலெழும் காட்சி உண்மையானது. ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி மாலின்ஸ் அதைத் தொலைவில் நின்று படம்பிடித்தார். வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிச் செல்லும்போது சிலர் சரிந்து விழும் புகழ்பெற்ற நெருக்கக் காட்சியோ, போர்முனைக்குப் பின்னால் ஒரு பயிற்சியிடத்தில் நடித்து எடுக்கப்பட்டது. தொலைவில் இருந்தது நிஜம், அருகில் தெரிந்தது நடிப்பு. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தொகுப்பு மேசையில் இதே பேரம்தான் நடக்கிறது.

நேர்காணல்களில் வேறொரு தடை இருந்தது. இந்த வீரர்களில் பலர் குடியரசு நாளன்றும் கார்கில் வெற்றி நாளன்றும் பள்ளிகளுக்கு அழைக்கப்பட்டு, மாலையும் சால்வையும் பெற்றுக்கொண்டு, ஒரே கதையைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருபவர்கள். அந்தக் கதை வழுவழுப்பாகிவிட்டது. எந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று தெரிந்து அங்கே நிறுத்துகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கு வேறு எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் இயக்குநர் போரைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, அன்று பையில் என்னென்ன வைத்திருந்தீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று சில்லறைக் கேள்விகளாகக் கேட்கத் தொடங்கினார். அப்போதுதான் மேடைக்கதை நின்றது. ரொட்டியைக் குறைத்துக்கொண்டு தோட்டாவைக் கூட்டிக்கொண்டது, வெடிமருந்து நெடி ஏறிய பனியை உருக்கிக் குடித்தது, பூரியும் சக்கர்பாரா என்னும் இனிப்புப் பலகாரமும் கல்லாக இறுகிப்போனது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

பீரங்கிப் படையில் இருந்த ஒருவர் விஷயத்தில் என் வேலை சுலபமாக முடிந்தது. அவருக்குப் போர் என்பது உண்மையிலேயே நெடுஞ்சாலைப் பக்கத்துப் பீரங்கிதான். இலக்கை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. முன்னால் ஓ.பி. எனப்படும் கண்காணிப்பு நிலையில் இருந்த அதிகாரி வயர்லெஸ்ஸில் திருத்தம் சொல்ல, இவர்கள் குழலை நகர்த்தினார்கள். மலைமேல் காற்று மெலிந்திருப்பதால் குண்டு சமவெளியைவிடக் கூடுதல் தொலைவு பாயும், கணக்குகளையெல்லாம் மாற்றிப் போட வேண்டியிருந்தது என்று அவர் விளக்கியபோது காப்பகக் காட்சிகள் பொருந்தி நின்றன. அவற்றைப் போட்டுக் காட்டினேன். "இது எங்க கன் இல்ல தம்பி, ஆனா இப்படித்தான்" என்றார். அவருடைய இடது காதில் பேசினால் கேட்காது. அந்தக் கோடைக்குப் பிறகு அப்படி.

மற்றொருவர் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தவர். ஜூன் மாதத்தில் திராஸ் ஊருக்கு மேலே உள்ள தொலோலிங் மலைச் சரிவில் ஏறிய காலாட்படையினருடன் இவரையும் அனுப்பியிருந்தார்கள். டார்ச் அடித்தால் அந்த வெளிச்சத்தை நோக்கியே சுடுவார்கள் என்பதால், காயம் எங்கே என்று கையால் தடவித்தான் கண்டுபிடித்திருக்கிறார். சட்டை ஈரமாக இருந்தால் போதாது, பனியில் எல்லோருடைய சட்டையும் ஈரம்தான். சூடான ஈரம் எங்கே என்று தேட வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் உறைந்துவிடாமல் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறார். பள்ளத்தாக்கில் எதிரொலி கேட்டுக்கொண்டே இருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியாது என்றார். மகன் அறைக்குள் வந்தபோது பேச்சை நிறுத்தி, அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தொடர்ந்தார்.

இந்தப் பேச்சுக்கு உலகில் எங்கும் காட்சி கிடையாது. எடுக்கவே முடியாத காட்சி அது. எங்களிடம் இருந்த திராஸ் படப்பிடிப்பு கோடைப் பகலில் எடுத்தது. பச்சைச் சரிவும் நீல வானமுமாகச் சுற்றுலா விளம்பரம் போல இருந்தது. தயாரிப்பு நிறுவனம் ஒரு குன்றில் நடிகர்களை வைத்து நீல விளக்கில் இரவுக் காட்சிகள் எடுத்துத் தரலாம் என்றது. நான் மறுத்தேன். வெளிச்சமே இல்லாததுதான் அவர் சொல்லும் செய்தி; அதை அழகாக வெளிச்சம் போட்டுக் காட்டினால் அவர் சொல்வதைப் படமே மறுத்துப் பேசும். பேசுபவரின் கைகளை நெருக்கத்தில் காட்டி இடைவெளியை நிரப்புவது எங்கள் தொழிலில் பழைய வழி. இவர் கைகளைப் பற்றியே பேசுவதால் அது இன்னும் மலிவாகப் பட்டது. கடைசியில் முகத்தை மட்டும் வைத்தேன். வெட்டிய இடங்களில் முகம் துள்ளுவது தெரியட்டும் என்று அப்படியே விட்டேன். ஒலிக்கலைஞர் அடியில் போட்டிருந்த வெடிச்சத்தத்தையும் காற்றையும் எடுக்கச் சொன்னேன். பார்ப்பவர்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்று நிறுவனம் அஞ்சியது. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பீரங்கி வீரரின் பகுதியை முன்னால் நகர்த்தி, சத்தமெல்லாம் அங்கே கேட்டு முடிந்த பிறகு இவரிடம் வருவதாக அமைத்ததும் ஒப்புக்கொண்டார்கள்.

தொகுத்ததை அவரிடம் போட்டுக் காட்டாமல் முடிக்கக் கூடாது என்பதில் நானும் இயக்குநரும் உறுதியாக இருந்தோம். முழுவதும் பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் கேட்டார். அன்றிரவு தன் மடியில் இறந்த சிப்பாயின் ஊர்ப்பெயர் ஓரிடத்தில் வந்துவிட்டது, அவனுடைய அம்மாவிடம் "உடனே போயிட்டாரு, வலி தெரியல" என்று தான் எழுதியிருந்ததால் அந்தப் பெயர் வேண்டாம் என்றார். பீப் ஒலி போடுவது கெட்ட வார்த்தையை மறைப்பது போல் இருக்கும் என்பதால், அந்த ஒரு சொல்லின் ஒலியை மட்டும் முற்றிலும் நீக்கினேன். ஒளிபரப்புக்கு முந்தைய தொழில்நுட்பச் சோதனையில், குறிப்பிட்ட இடத்தில் ஒலி விடுபட்டுள்ளது, சரிசெய்து அனுப்பவும் என்ற குறிப்போடு படம் திரும்பி வந்தது. அது பிழையன்று, பேசியவரின் விருப்பம் என்று ஒரு கடிதம் இணைத்துத் திருப்பி அனுப்பினேன்; படம் அப்படியே ஒளிபரப்பானது.