நோம்பியால் அவதிப்பட்டவன்

ஒரு திங்கட்கிழமை காலையில் ஏழாம் வகுப்பு மேஜைமேல் லீவ் லெட்டர் ஒன்று இருந்தது. நோட்டிலிருந்து கிழித்த தாள், நீல மை, அழகான கையெழுத்து. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மாரியம்மன் நோம்பி, ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் தி ஸ்கூல்' என்று எழுதியிருந்தான். எங்கள் பக்கம் பண்டிகைக்கு நோம்பி என்று பெயர்.

சிரித்தேன். ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் படித்தும் காட்டினேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மலையாளம் டிவிஷனுக்கு ஆங்கிலம் எடுக்கும் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கி இன்னொரு முறை பார்த்துவிட்டு, "மாஷே, வாக்கியம் சரியாத்தானே இருக்கு?" என்றார்.

சரிதான். முன்னால் ஒரு 'ஆஸ்', அதற்கு ஒரு எழுவாய், ஒரு வினை. அப்புறம் காற்புள்ளி, மறுபடி ஒரு எழுவாய், ஒரு வினை. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. இன்னும் சொன்னால், என் வகுப்பு யாருடைய உதவியும் இல்லாமல் எழுதிய ஒரே கலவை வாக்கியம் அதுதான்.

நான் வேலை பார்ப்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே வளாகத்தில் நடக்கும் ஒரு யுபி (உயர் தொடக்க) பள்ளியில். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவாகும் வரை இந்தச் சித்தூர் வட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. கோடு மாறியது, வீட்டுப் பேச்சு மாறவில்லை. பிள்ளைகள் பேசுவது கொங்குத் தமிழ், கடைப்பலகையில் பார்ப்பது மலையாளம். ஆங்கிலத்தைக் கேட்பது என் வாயிலிருந்து மட்டும்தான் என்றால் அதிகமில்லை.

எனக்குப் படிப்பு பொள்ளாச்சிப் பக்கம். அங்கே சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மூன்றாகப் பிரித்து, ஒன்றை இன்னொன்றாக மாற்றச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள். 'ஆல்தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஹானஸ்ட்.' ஏழைக்கும் நேர்மைக்கும் என்ன சண்டையோ, தெரியவில்லை. நானும் அதையே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் பத்துக்குப் பத்து வாங்கினார்கள். ஆனால் கேரளத்துக் கேள்வித்தாளில் மாற்றி எழுதும் பயிற்சிக்குப் பெரிய இடமில்லை; டைரி எழுது, கடிதம் எழுது, உரையாடல் எழுது என்றுதான் கேட்பார்கள். ஓணப் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது டைரி இப்படி இருந்தது: 'ஐ காட் அப் அட் சிக்ஸ். ஐ ப்ரஷ்ட் மை டீத். ஐ வென்ட் டு ஸ்கூல்.' பத்துக்குப் பத்து வாங்கிய அதே பிள்ளைகள்தான்.

அந்த வாரமே, நோம்பிக்காரன் தாமதமாக வந்ததற்குக் காரணம் கேட்டேன். "எங்கப்பன் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிட்டு வரும்போது வாங்கிட்டு வந்த கன்னுக்குட்டி கயித்த அத்துட்டு ஓடினதால, தேடித் திரிஞ்சு தூங்கறதுக்குப் பன்னண்டு மணி ஆயிருச்சுங் சார்" என்றான், ஒரே மூச்சில்.

அவன் சொன்னதைப் பலகையில் எழுதினேன். முற்று எத்தனை என்று கேட்டேன். 'ஆயிருச்சு' ஒன்றுதான். மற்றதெல்லாம் எச்சமும் எச்சத்தின் உறவுக்காரர்களும். இவ்வளவு பின்னிப் பேசத் தெரிந்தவனுக்குக் கலவை வாக்கியம் என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்குத் தெரியாதது, ஆங்கிலம் இதையே எப்படிக் கட்டுகிறது என்பதுதான். தமிழ், கடைசியில் ஒரு முற்றை உட்காரவைத்து மற்ற வினைகளையெல்லாம் எச்சமாக்கி அதன் முன்னால் வரிசையில் நிறுத்தும். லீவ் லெட்டர் ஆங்கிலத்திலோ ஒவ்வொரு துண்டும் தனக்கென்று ஒரு எழுவாயும் முற்றும் கேட்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. என் வகுப்பில் பாதிப்பேர் 'ஆல்தோ இட் ரெயின்ட், பட் ஹி கேம்' என்று எழுதுவார்கள். 'பட்' கூடாது, 'பட்' கூடாது என்று மூன்று வருஷம் தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன். ஏன் போடுகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 'மழை பெய்தாலும் வந்தான்' என்பதில் கொக்கி எங்கே இருக்கிறது? 'ஆலும்' இரண்டு துண்டுகளும் சேரும் இடத்திலேயே, நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலம் அந்தக் கொக்கியை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோய்விட்டு, நடுவில் ஒரு காற்புள்ளியை மட்டும் வைக்கிறது. பிள்ளைக்கு அந்த இடம் காலியாகத் தெரிகிறது. காலி இடத்தில் ஒரு 'பட்'டை வைத்து அடைக்கிறான். 'ஆஸ்' போட்ட வாக்கியத்தின் நடுவே 'ஸோ' வந்து நிற்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். டீச்சரிடம் சொன்னேன். 'மழ பெய்தெங்கிலும்' என்று ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் நடுவிலதான் மாஷே. என் கிளாஸிலும் அதே 'பட்'தான்" என்றார். அப்புறம் இருவரும் சேர்ந்தே திட்டம் போட்டோம்.

முதலில் லீவ் லெட்டரைப் பிரித்தோம். மனப்பாடமாக ஓடிய வாக்கியத்தை 'ஆஸ்'ஸுக்குப் பின் நிறுத்தி, காய்ச்சலுக்குப் பதிலாக வேறு காரணம் சொல்லச் சொன்னேன். பஸ் வரவில்லை, பாட்டிக்கு முடியவில்லை, கன்றுக்குட்டி ஓடிப்போனது. ஒவ்வொன்றும் யார், என்ன செய்தார் என்று முழுசாக வர வேண்டும். அது மட்டும்தான் விதி. 'சஃபரிங்' தானாகவே உதிர்ந்துபோயிற்று.

அடுத்தது பெயரெச்சம். 'நேத்து வந்த பையன்' என்பதற்கு இரண்டு பேரை நிற்கவைத்தேன். ஒருத்தி 'நேத்து வந்த' என்ற அட்டையைப் பிடித்தாள், ஒருவன் 'பையன்'. ஆங்கிலத்துக்குப் போகும்போது இருவரும் இடம் மாற வேண்டும், நடுவில் மூன்றாவது ஆளாக 'ஹூ' வந்து நிற்க வேண்டும். 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே.' 'ஹூ'வாக நிற்க அடிதடி. மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் 'ஹூ' வராது, 'விச்' வரும் என்றதும் ஒருவன் தன் வீட்டு நாய்க்கு எது என்று கேட்டான். அவனுக்கு நான் இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

'என்று' போடும் வாக்கியம் எளிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். 'அவன் வருவான் என்று அம்மா சொன்னாள்' என்பதில் தமிழிலேயே இரண்டு முற்று இருக்கிறதே. முற்றில் தடுமாற்றம் இல்லை, வரிசைதான் உதைத்தது. 'ஹி வில் கம் தட் மதர் செட்' என்று அப்படியே தமிழ் வரிசையில் எழுதினார்கள். அதற்கு மட்டும் இரண்டு வாரம் போயிற்று.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது என்று கொஞ்ச நாள் பெருமையாகத் திரிந்தேன். பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது, 1973இலேயே அமெரிக்காவில் ஃபிராங்க் ஓஹேர் என்பவர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணப் பெயர் எதுவும் சொல்லாமல், சின்ன வாக்கியங்களைக் கொடுத்துச் சேர்த்து எழுதவைத்தே அவர்கள் எழுத்தைத் தேற்றிக் காட்டியிருக்கிறார் என்பது. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான் பேச்சு. என் பிள்ளைகளுக்கு எச்சம், முற்று என்ற இரண்டு சொல் தேவைப்பட்டன. அவை தமிழ்ப் பீரியடில் ஏற்கெனவே படித்தவைதான். இரண்டு பீரியடுக்கும் நடுவில் இருந்த சுவர் நாங்கள் கட்டியது.

சேர்ப்பதற்கான சின்ன வாக்கியங்களைப் பிள்ளைகளின் வீட்டிலிருந்தே எடுத்தேன். இங்கே வீட்டுப் பேச்சு என்றால் தண்ணீர்தான். 1970 பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, வருஷத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும். வந்ததா, வரவில்லையா என்பது எங்கள் டீக்கடைகளில் தீராத வழக்கு. தண்ணீர் வரும், அப்பா கடலை போடுவார், தண்ணீர் நின்றுவிடும், அப்பா தேங்காய் லோடு ஏற்றப் போவார். இந்த நான்கையும் எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று ஒரு பீரியட் முழுக்கச் சண்டை நடந்தது.

எல்லோருக்கும் வந்துவிடவில்லை. இருபத்து நான்கு பேரில் ஆறேழு பேர் இன்னும் மணி கோத்த மாதிரிதான் எழுதுகிறார்கள். வந்தவர்களுக்கோ அடங்கவில்லை. ஒருத்தி நாலு 'விச்' போட்டு ஒரு பக்கத்தையே ஒரு வாக்கியமாக எழுதிவந்து, முற்றுப்புள்ளியை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டாள். சின்ன வாக்கியமும் நல்ல வாக்கியம்தான் என்று இப்போது தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச்சில், வருஷக் கடைசிப் பரீட்சைக்கு முன்பு நோம்பிக்காரனின் நோட்டு வந்தது. 'ஆல்தோ தி வாட்டர் விச் கம்ஸ் ஃப்ரம் ஆழியாறு ஸ்டாப்ட், மை ஃபாதர் ஹூ ஹேஸ் டூ ஏக்கர் டிட் நாட் செல் தி காஃப்.' ஏக்கருக்குப் பின்னால் ஓர் 'எஸ்' மட்டும் சேர்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இரண்டடி போனவன் நின்று திரும்பினான்.

"நடுவுல 'பட்' போடலைங் சார், பாத்தீங்களா?"