ஒன்றரை லிட்டர்

ஜூலை 24, 2024, புதன்
ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாச்சு. இதயம் பலவீனம், உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும்; அதனால் உப்பும் தண்ணீரும் அளவோடுதான். எடை 51.2 கிலோ.

ஜூலை 25, வியாழன்
காலையிலேயே சொம்பால் அளந்து ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஜாடியில் ஊற்றி வைத்தேன். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். ஒரு டம்ளர் மோர் குடித்தால் ஜாடியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிடுகிறேன். மத்தியானத்துக்குள் பாதி தீர்ந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஜூலை 26, வெள்ளி
உப்பில்லாத இட்லி. பாதிதான் இறங்கியது.

ஜூலை 28, ஞாயிறு
பக்கத்து வீட்டுப் பெண் சாம்பார் கொண்டுவந்தாள். "இந்துப்பு போட்டுத்தான் செஞ்சேன் அத்தை, பயப்படாம சாப்பிடுங்க." இந்துப்பும் உப்புதானே. சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, நான் போடும் மாத்திரைக்கு அது ஆகாது. இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்திலும் எனக்காக உலை வைக்கிறவள். இரண்டு கரண்டி சாப்பிட்டேன். ராத்திரி முழுக்கக் கணுக்காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்
மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டதாம். இனி திருவையாற்றுக்கும் தண்ணீர் வந்துவிடும்.
மகன் போனில் சாப்பிட்டாயா என்றான். சாப்பிட்டேன் என்றேன். அடுப்படியில் பத்து நிமிஷம் நின்றால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லவில்லை. சொன்னால் மெஸ் சாப்பாடு ஏற்பாடு செய்துவிடுவான். அதில் எவ்வளவு உப்பு என்று யாரைக் கேட்பது?

ஆகஸ்ட் 1, வியாழன்
ஸ்டூலில் உட்கார்ந்தே சமைத்தேன். பாசிப்பருப்பு சாதம், வறுத்துப் பொடித்த மிளகு சீரகம், எலுமிச்சை பிழிந்து. தட்டு காலி! எடை 51.5.

ஆகஸ்ட் 2, வெள்ளி
52.7. நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றுங்கள் என்கிறார் டாக்டர். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்யுங்கள் என்கிறது அவர் கொடுத்த தாள். ஏறியது சோறா, நீரா? நேற்று அப்படிச் சாப்பிட்டிருக்க வேண்டாமோ.

ஆகஸ்ட் 3, சனி
ஆடிப்பெருக்கு. விடியும் முன்பே படித்துறையில் சத்தம் கேட்கிறது.
பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்றே இலைப் பொட்டலத்தை நீட்டினாள். "உப்பு போடறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எடுத்து வச்சுட்டேன் அத்தை." புளியோதரை. இன்னும் பிரிக்கவில்லை.
53.4. கணுக்காலில் குழி விழுகிறது. எட்டு மணிக்குத்தான் போனை எடுப்பார்கள்.