எரிமலைத் தபால்தலை

நண்பரின் ஆல்பத்தில் இன்று ஒரு நிகரகுவா தபால்தலையைக் கண்டேன். 1900-இல் வெளியானது, மொமோடொம்போ எரிமலை, உச்சியில் புகை.

பனாமாவில் கால்வாய் வெட்டப்போன பிரெஞ்சு நிறுவனத்தில் இளம் வயதிலேயே தலைமைப் பொறியாளர் பொறுப்பை வகித்த பிலிப் புனோ-வரியா, 1902-இல் இதே தபால்தலையை அமெரிக்க செனட்டர்களுக்கெல்லாம் அனுப்பி, அமெரிக்கா கட்டவிருந்த கால்வாயை நிகரகுவா வழியாக வெட்டினால் வரும் எரிமலை ஆபத்தை உணர்த்தினார். செனட் பனாமாவைத் தேர்ந்தெடுத்தது. (அந்நிறுவனத்தின் வாரிசு நிறுவனத்தில் அவருக்குப் பங்குகள் இருந்ததையும் சொல்ல வேண்டும்.)

மறு ஆண்டு கொலம்பியாவிலிருந்து பிரிந்த பனாமாவுக்கு அவரே வாஷிங்டனில் தூதரானார்.

பனாமாவின் பிரதிநிதிகள் வந்து சேர்வதற்குச் சற்று முன்பு, 1903 நவம்பர் 18 அன்று, கால்வாய்க்காகப் பத்து மைல் அகல நிலத்தை நிரந்தரமாக அமெரிக்காவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார்.

கால்வாயைக் கட்டி முடிக்கத் துடித்த பொறியாளருக்குத் தூதர் பதவி இன்னொரு கருவி மட்டுமே என்று தோன்றுகிறது. அந்த அவசரத்தின் விலையைப் பனாமா, பிந்தைய ஒப்பந்தத்தின்படி கால்வாய் அதன் கைக்கு வந்த 1999 டிசம்பர் 31 வரை செலுத்தியது.