வாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்கள்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ச் செய்தி அலுவலகத்தில் இலங்கை நாடாளுமன்றச் செய்திகளைக் கவனிப்பது என் வேலை. அதற்கு முன் சில ஆண்டுகள் ஜாலான் பார்லிமனுக்குப் போய் நம் நாடாளுமன்றச் செய்திகளை எழுதினேன். இரண்டும் ஒரே மாதிரி வேலைதானே என்று பலர் கேட்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். சபாநாயகர், செங்கோல், கேள்வி நேரம், மசோதாவுக்கு மூன்று வாசிப்பு எல்லாம் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு இடத்திலும் விட்டுப்போனவை. ஆனால் கொழும்பில் மேலவை கிடையாது. அந்த ஒரு விஷயத்தால் செய்தி எந்த நாளில் கிடைக்கிறது என்பதே மாறிவிடுகிறது.

நம் ஊரில் மக்களவைக்கு (டேவான் ராக்யாட்) 222 பேர், மேலவைக்கு 70 பேர். அந்த 70 பேரில் 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். மீதி 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன. மக்களவையில் ஒரு மசோதா நிறைவேறினால் அன்றைக்கு ஒரு செய்தி, மேலவைக்குப் போகும்போது இன்னொரு செய்தி, மாமன்னர் ஒப்புதல் வரும்போது மூன்றாவது செய்தி என்று எழுதிப் பழகியிருந்தோம். மேலவை ஒரு சாதாரண மசோதாவை அதிகபட்சம் ஓர் ஆண்டும், பண மசோதாவை ஒரு மாதமும்தான் தாமதப்படுத்த முடியும். இருந்தாலும் செய்தியாளருக்கு அது ஒரு நிம்மதி. மக்களவையில் ஏதாவது கண்ணில் படாமல் போயிருந்தாலும் மேலவை விவாதத்தில் பிடித்துவிடலாம்.

கொழும்பில் அந்த வசதி இல்லை. 225 பேர் கொண்ட ஒரே அவை. 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து விகிதாசார முறையில் வருகிறார்கள், 29 பேர் கட்சிகளின் தேசியப் பட்டியலிலிருந்து வருகிறார்கள். நம் வாசகர்களுக்கு இது உடனே பிடிபடாது. “அந்த எம்.பி. எந்தத் தொகுதி?” என்று கேட்பார்கள். அங்கே ஒரு மாவட்டத்துக்கே பல உறுப்பினர்கள். 2024 தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆறு இடம் இருந்தது. வாக்காளர் முதலில் கட்சிக்கு வாக்களித்துவிட்டு, அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்குக் கொடுக்கலாம். ஓர் அவை நமக்குப் புதிதும் இல்லை. நம் 13 மாநிலங்களிலும் சட்டமன்றம் ஓர் அவைதான். பினாங்குச் சட்டமன்றத்தின் 40 பேரும் ஒரே மண்டபத்தில்தான் உட்காருகிறார்கள். மாநில அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதால் அதைப் பற்றி நாம் பெரிதாக யோசிப்பதில்லை. ஒரு நாட்டின் மொத்தச் சட்டமும் ஒரே அவையில் முடிவாகும்போது கதை வேறு.

கொழும்பில் பொதுவாக மாதத்தின் முதல் வாரமும் மூன்றாம் வாரமும், செவ்வாய் முதல் வெள்ளி வரை அமர்வு. அங்கே காலை 9.30 என்றால் இங்கே பகல் 12. அந்த வாரங்களில் என் மதியச் சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போகும். நேரலையில் தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பேன். சிங்களத்தில் ஒருவர் ஆவேசமாகப் பேச, தமிழில் ஒரு நிதானமான குரல் இரண்டு வாக்கியம் பின்னால் வந்துகொண்டிருக்கும். அவையில் கூச்சல் எழுந்தால் மொழிபெயர்ப்பாளர் நிறுத்திவிடுவார்; அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதை வேறு வழியில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாடாளுமன்ற விவாதப் பதிவேடான ஹன்சாட்டில் ஒவ்வொருவர் பேச்சும் அவர் பேசிய மொழியிலேயே அச்சாகும். அதனால் சிங்களம் தெரிந்த ஒரு நண்பரின் உதவி இல்லாமல் இந்த வேலையை முழுதாகச் செய்ய முடியாது.

எங்களுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாசகர் இருக்கிறார். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், இவர் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இலங்கைச் செய்தி ஏதாவது பெரிதாக வந்தால் அவருடைய அழைப்பு நிச்சயம். இலங்கையின் இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் பற்றி 2024 பிப்ரவரியில் அழைத்தார். “பிள்ளை, ஆன்லைன் சட்டத்தில் சபாநாயகர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். சரி, இனி கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்தானே?”

“இல்லை அங்கிள். அங்கே சட்டமான பிறகு கோர்ட் அதைத் தொட முடியாது.”

கொஞ்ச நேரம் அவர் நம்பவே இல்லை. அவர் கேட்டதில் தப்பில்லை. அதே மாதம் இங்கே கூட்டரசு நீதிமன்றம் கிளந்தான் மாநில ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியிருந்தது. நடப்பில் இருக்கும் ஒரு சட்டத்தை நீதிபதிகள் செல்லாததாக்குவது நமக்குப் பழக்கமான காட்சி. இலங்கையில் 1978 அரசியலமைப்பின் 80ஆம் உறுப்பு அந்தக் கதவை மூடிவைத்திருக்கிறது. சபாநாயகர் சான்றுக் கையெழுத்து இட்டதும் மசோதா சட்டமாகிவிடும். பொதுசன வாக்கெடுப்புக்குப் போகும் மசோதா தவிர மற்றவற்றுக்கு ஜனாதிபதி கையெழுத்தும் தேவையில்லை. அதற்குப் பிறகு அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

அப்படியானால் தடுப்பு எங்கே? எல்லாம் முன்னாலேயே இருக்கிறது. மசோதா முதலில் அரசிதழில் வரும். சில நாள் கழித்து அவையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி அவைக்கு வரும். அதுதான் முதல் வாசிப்பு, விவாதம் இருக்காது. அந்த நாளிலிருந்து ஒரு குறுகிய கெடுவுக்குள் எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். இந்த மசோதாவுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதுமா, மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 வாக்கு வேண்டுமா, அதோடு பொதுசன வாக்கெடுப்பும் வேண்டுமா, எந்தப் பிரிவை எப்படித் திருத்தினால் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தீர்மானம் அவையில் அறிவிக்கப்படும். அதன் பிறகே இரண்டாம் வாசிப்பு விவாதம், பிரிவு பிரிவாகக் குழுநிலை, மூன்றாம் வாசிப்பு.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் வேலை முறை மாறிவிட்டது. நாடாளுமன்றச் செய்தி என்றால் வாக்கெடுப்பு நாள் என்றே ஜாலான் பார்லிமனில் பழகியிருந்தேன். கொழும்பில் வாக்கெடுப்பு நாளில் போய் நின்றால் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் அரசிதழில் வந்த அன்றே எழுதலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

“நிறைவேறாத மசோதாவை யாரும்மா படிப்பா?” என்றார்.

“படிக்கிறவங்களுக்கு ஏதாவது செய்ய முடிகிற நேரம் அதுதான், அண்ணே. நம்ம வாசகர்களுக்கு அங்கே சொந்தக்காரங்க இருக்காங்க” என்றேன்.

கால் பக்கம் கொடுத்தார். அந்தக் கால் பக்கத்துக்கு இன்றைக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

இணையவழிப் பாதுகாப்பு மசோதாவில் இது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. 2023 அக்டோபர் தொடக்கத்தில் அவைக்கு வந்தது. ஏராளமான மனுக்கள் போயின. நவம்பரில் நீதிமன்றத் தீர்மானம் அவையில் அறிவிக்கப்பட்டது. பல பிரிவுகளைக் குழுநிலையில் திருத்தினால் சாதாரணப் பெரும்பான்மை போதும், இல்லாவிட்டால் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்றது. 2024 ஜனவரி 24 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 108, எதிர்ப்பு 62. 108 என்பது 150 அல்ல. ஆக, அந்தச் சட்டம் முறையாக நிறைவேறியதா என்பது நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் அத்தனையும் உள்ளே போயினவா என்ற ஒரே கேள்வியில் தொங்கியது.

அன்று மாலை நான் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றில் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள், மற்றதில் குழுநிலையில் ஏற்றவை. குழுநிலை பார்க்கச் சுவாரசியம் இல்லாத கட்டம். தலைமையில் இருப்பவர் பிரிவு எண்களை வரிசையாக வாசிப்பார், “ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்ற குரல் வரும், அடுத்த எண். நேரலை பார்ப்பவர்கள் அந்த நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் ஒரு குற்றத்துக்கு “தெரிந்தே செய்தால்” என்ற சொல் சேர்ந்ததா இல்லையா என்பது அந்த முணுமுணுப்பில்தான் முடிவாகிறது. ஒரு மனிதர் சிறைக்குப் போவதும் போகாததும் அந்த ஒரு சொல்லில் இருக்கலாம்.

எல்லாத் திருத்தங்களும் சேரவில்லை என்று எதிர்க்கட்சிகள் சொன்னன. பிப்ரவரி 1 அன்று சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன கையெழுத்திட்டார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. சுமந்திரன் உச்ச நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது. மார்ச்சில் சபாநாயகர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து 75க்கு 117 என்ற கணக்கில் தோற்றது. சான்றளிக்கும் கைக்கும் மேலே வேறு கை இல்லாத இடத்தில், அந்தக் கையைக் கேள்வி கேட்க மிச்சமிருந்த ஒரே இடமும் அதே அவைதான்.

இதைக் கேட்டால் மேலவை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றும். பிரிக்பீல்ட்ஸ் அங்கிளும் அதையே சொன்னார். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை. இலங்கையிலும் ஒரு காலத்தில் செனட் இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1947இல் வந்தது, 30 பேர், பாதியைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது, பாதியை மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்) நியமித்தார். 1971 அக்டோபரில் அதை ஒழித்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் 1956 தனிச் சிங்களச் சட்டமும் அந்த செனட் இருந்த காலத்தில்தான் வந்தன. மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களாக ஆனபோது இரண்டாவது அவை ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

நம் ஊரிலேயே பார்த்தோமே. பொய்ச் செய்தித் தடைச் சட்டம் 2018 ஏப்ரல் 2 அன்று மக்களவையில் 123க்கு 64 என்று நிறைவேறியது. மேலவை மறுநாளே நிறைவேற்றியது. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் மக்களவை அந்தச் சட்டத்தை ரத்து செய்ய வாக்களித்தது. செப்டம்பரில் மேலவை அந்த ரத்து மசோதாவைத் தோற்கடித்தது. பழைய ஆட்சியில் வந்தவர்கள் அங்கே இன்னும் பெரும்பான்மையாக இருந்தார்கள். மக்களவை 2019 அக்டோபரில் மறுபடி நிறைவேற்றி, டிசம்பரில்தான் மேலவை தாண்டியது. சட்டம் கொண்டுவர ஒரு நாள் எடுத்த மேலவை, அதை எடுக்க ஓர் ஆண்டுக்கு மேல் எடுத்தது. எதிர்க்கட்சி வரிசைக்குப் போனவர்கள் அதை அரசியலமைப்பு தரும் உரிமை என்றார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் யோசிக்க நேரம் தேவைப்பட்ட ஏப்ரலில் அந்த நேரத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

எனவே எத்தனை அவை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, மசோதா வெளியே தெரிந்த நாளுக்கும் கையெழுத்து விழும் நாளுக்கும் நடுவில் எத்தனை வாரம் என்று எண்ண ஆரம்பித்தேன். இலங்கையில் அந்த வாரங்கள் எப்படிப் பறிபோகும் என்பதற்கு 2010 நல்ல உதாரணம். ஜனாதிபதி இரண்டு தவணைதான் இருக்கலாம் என்ற வரம்பை நீக்கிய, அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் அவசர மசோதாவாகப் போனது. அவசர மசோதா என்றால் முன்கூட்டி அரசிதழில் வர வேண்டியதில்லை, நீதிமன்றத்துக்கும் சில நாள்தான். மனுப் போட விரும்பியவர்களுக்கு மசோதாவின் வாசகமே கையில் சரியாகக் கிடைக்காத நிலை. செப்டம்பர் 8 அன்று 161க்கு 17 என்று நிறைவேறியது. அந்த அவசர வழியை 19ஆவது திருத்தம் 2015இல் எடுத்தது, 20ஆவது திருத்தம் 2020இல் வரம்போடு திரும்பக் கொண்டுவந்தது, 2022 அக்டோபரில் 21ஆவது திருத்தம் மறுபடி எடுத்தது. அந்த 21ஆவது திருத்தத்துக்கு 179 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. பொருளாதார நெருக்கடியைக் கண்ணால் பார்த்த ஓர் அவை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்ட நாள் அது. அன்று அந்தச் செய்தியை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிறேன். முதல் வாசிப்புத் தேதியை எழுதி, அதற்குப் பக்கத்தில் மனுக் கெடு முடியும் தேதியைச் சிவப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தீர்மானம் அவையில் அறிவிக்கப்பட்டால் அன்றே திருத்தப் பட்டியலைப் பிரித்தெடுக்க வேண்டும்; குழுநிலை முடியும்வரை இருக்கையை விட்டு எழக்கூடாது. “அக்கா, நம்ம டேவான் ராக்யாட்டுக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் போடலாமா?” என்று அவன் கேட்டான். போட ஆரம்பித்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தொடரில் முதல் வாசிப்புக்கு வரும் ஒவ்வொரு மசோதாவுக்கும் அந்தக் கால் பக்கம் கிடைக்குமா என்று அண்ணனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.