எனக்கு ஒத்துவரும் சென்ட்: மூன்றாவது மாத நிலவரம்

ஏப்ரலில் சம்பளம் கூடிய சந்தோஷத்தில் 4,200 ரூபாய் கொடுத்து வாங்கிய 100 மில்லி பாட்டில், முக்கால்வாசி அப்படியே பீரோவில் இருக்கிறது. கடையில் காகிதப் பட்டையில் அடித்து நீட்டினார்கள், எலுமிச்சையும் மிளகுமாக அவ்வளவு நன்றாக இருந்தது, யோசிக்கவே இல்லை. மறுநாள் அதை அடித்துக்கொண்டு பல்லாவரத்தில் ரயில் ஏறினால், கிண்டி வருவதற்குள் எலுமிச்சை போன இடம் தெரியவில்லை. மிஞ்சியது வெல்லப்பாகில் வெனிலாவைக் கொட்டியது போல ஒரு தித்திப்பு, கூடவே என் வியர்வை. எனக்கே தலைவலி.

அப்புறம்தான் புரிந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனையெல்லாம் லேசானவை, முதல் கால் மணி, அரை மணிக்குள் பறந்துவிடும். நடுவில் பூ, மசாலா எல்லாம் வந்து போகும். வெனிலா, கஸ்தூரி, கட்டை வாசனைதான் மணிக்கணக்கில் தோலிலேயே உட்கார்ந்திருக்கும். ஏசியில் நின்று காகிதத்தை முகர்ந்தவள் அந்த முதல் கால் மணிக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

அதனால் மே மாதத்திலிருந்து 2 மில்லி சாம்பிள் மட்டும்தான். ஒரு நாளைக்கு இரண்டு, கைக்கு ஒன்று, முழங்கையின் உள்பக்கம். அடித்த உடனே, ஒரு மணி நேரத்தில், நாலு மணி நேரத்தில் என்று மூன்று முறை நோட்டில் எழுதுகிறேன். இதுவரை பதினொன்று முடிந்தது. நடுநடுவே காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்றார்கள், செய்து பார்த்தேன், காபி வாசனை வந்தது, அவ்வளவுதான். சென்ட் படாத சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தாலே போதும்.

இதில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஐந்தாவது சாம்பிள் ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விட்டதென்று மேலும் இரண்டு முறை அடித்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "என்னடி இது, தெருமுனையிலேயே நீ வர்றது தெரியுது" என்றாள். வாசனை போகவில்லை, என் மூக்குதான் பழகிப்போயிருக்கிறது. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் அக்காவிடம் கையை நீட்டிவிடுவேன். ஏழாவது சாம்பிள் வெள்ளை கஸ்தூரி, எனக்குத் தண்ணீர் தெளித்தது போல ஒன்றுமே இல்லை. அக்காவோ துவைத்துக் காயப்போட்ட துணி வாசம் என்கிறாள்! சில கஸ்தூரி மூலக்கூறுகள் நிறைய பேர் மூக்குக்கு எட்டவே எட்டாதாம். அதற்குக் காசு கொடுத்தால் அடுத்தவருக்காகத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஜூனில் திருவல்லிக்கேணி பெரிய மசூதிப் பக்கம் அத்தர் கடைக்குப் போனேன். பாய் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டு, "அவசரப்படாதம்மா, கடைவீதி சுத்திட்டு வா" என்று அனுப்பிவிட்டார். சென்ட் விற்பவர் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. திரும்பி வந்ததும் மண் அத்தர் காட்டினார். உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் ஊரில், சுட்ட களிமண்ணைச் செம்புப் பானையில் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். முதல் மழை வாசனை அப்படியே இருக்கிறது. "இதுல நிஜச் சந்தன எண்ணெயா பாய்?" என்றேன். "இந்த விலைக்கா?" என்று சிரித்தார். சந்தனம் விற்கிற விலையில் இப்போது நிறைய அத்தருக்கு வேறு எண்ணெய்தான் அடித்தளம். ஆல்கஹால் இல்லாததால் அத்தர் சட்டென்று பரவாது, பக்கத்தில் வந்தால்தான் தெரியும். நெரிசலான ரயிலுக்கு அதுவே வசதி. ஆனால் துணியில் தடவாதீர்கள், என் வெள்ளைக் குர்தாவில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை.

வெட்டிவேர் அத்தர் நாலு மணி நேரம் கழித்தும், வியர்வையோடு சேர்ந்தும், கெட்டுப்போகவில்லை. அம்மா மண்பானையில் போடும் வேரின் வாசனைதான், கொஞ்சம் புகையோடு. அலுவலகத்துக்கு இதுதான் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

குழப்பமெல்லாம் மரிக்கொழுந்தில். கதம்பத்தில் வைத்துக் கட்டுவோமே, அதே செடியின் எண்ணெய். ஆளுக்கு ஆள் வேறு மாதிரி மணக்கும் என்று சென்ட் பிரியர்கள் சொல்வதுண்டு, நான் சும்மா என்றுதான் நினைத்தேன். ஒரே குப்பியிலிருந்து எனக்கும் அக்காவுக்கும் தடவினோம். இரண்டு மணி நேரத்தில் அவள் கையில் பச்சிலை வாசம், என் கையில் காய்ந்த திராட்சையை ஊறவைத்தது போல ஒரு இனிப்பு. அவரவர் மூக்கின் வேலையோ என்று கையை மாற்றி முகர்ந்தும் பார்த்துவிட்டோம், அதேதான். அவள் தோல் வறண்டது, என்னுடையது எண்ணெய் வழியும், அதனாலோ என்னவோ. 3 மில்லி மட்டும் வாங்கியிருக்கிறேன், சாயங்காலக் கல்யாண வரவேற்பு ஒன்றுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பீரோவில் இருக்கும் அந்தப் பெரிய பாட்டிலை அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மார்கழிக் குளிரில் ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவதா வேண்டாமா என்று சொல்வேன்.