பையோடு போக வேண்டிய ஊர்: லட்லோ

இங்கிலாந்தின் பழைய சந்தை நகரங்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைப் பார்த்து, தேநீர்க் கடையில் ஸ்கோன் சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். சந்தையில் எதையும் வாங்குவதில்லை. வாங்கினாலும் எங்கே வைத்துச் சமைப்பது? அதனால்தான் ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லைக்கு அருகிலுள்ள லட்லோவுக்குப் போனபோது ஹோட்டலை விட்டுவிட்டு, சமையலறையோடு ஒரு காட்டேஜை வாடகைக்கு எடுத்தோம்.

லண்டனிலிருந்து ஹெர்ஃபோர்டு போய் ரயில் மாறினால் அரை மணி நேரத்தில் லட்லோ. எங்கள் வீடு பிராட் கேட்டைத் தாண்டிய சரிவில் இருந்தது. ஊர்மதிலில் முன்பு ஏழு வாயில்கள் இருந்தனவாம்; இன்று நிற்கும் பெரிய வாயில் இது ஒன்றுதான். அதன் தலைமேலேயே ஒரு வீடு உட்கார்ந்திருக்கிறது. காட்டேஜின் உரிமையாளர் கண்ணில் படவே இல்லை. வாசலருகே எண் பூட்டுப் போட்ட சிறு பெட்டியில் சாவி, மேசையில் ரொட்டி, வெண்ணெய், எந்தக் குப்பையை எந்த நாளில் வெளியே வைப்பது என்று ஒரு தாள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் ஜன்னலைக்கூட அனுமதியின்றி மாற்ற முடியாது. எனவே ஒற்றைக் கண்ணாடி. மே மாதத்திலும் இரவில் விறகடுப்பை மூட்ட வேண்டியிருந்தது. ஆறடி உயரமுள்ள என் கணவர் உத்தரங்களுக்கு மரியாதை செலுத்தியபடியே நடமாடினார்.

திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் கோட்டை வாசலுக்கு முன்னால் சந்தை கூடுகிறது. இடைக்காலத்தில் கோட்டையிலிருந்து ஊரின் கிழக்குப் பகுதி வரை ஒரே அகன்ற சந்தைத் தெருவாக இருந்ததாம். நாளடைவில் கடை போட்டவர்கள் கூரை போட்டார்கள், கூரைக்குச் சுவர் எழுப்பினார்கள், மாடியும் கட்டிக்கொண்டார்கள். இன்று நடுவே நெருக்கியடித்து நிற்கும் சந்துகள் அப்படி வந்தவை. ஆக்கிரமிப்புக்கு வயதாகிவிட்டால் அதன் பெயர் பாரம்பரியம்!

ஈவ்ஷம் பக்கத்திலிருந்து வந்த அஸ்பாரகஸை ஒரு கட்டு வாங்கித் தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல் செய்தேன். முருங்கைக்காயைத் தேடும் நாக்கை அது ஏமாற்றிவிடும். ஆனால் பருப்புச் சாதத்துக்கு நன்றாகவே பொருந்தியது. பழக்கடைக்காரர் முலாம்பழத்தை அழுத்திப் பார்த்து, இன்றைக்கு வேண்டுமா, நாளைக்கு வேண்டுமா என்று கேட்டார். கறிக்கடையில் எலும்போடு கழுத்துக்கறி கேட்டதும், எத்தனை மணி நேரம் வேகவைக்கப் போகிறேன் என்று விசாரித்துவிட்டுத்தான் வெட்டினார்கள். இந்தப் பேச்செல்லாம் கையில் கேமராவோடு மட்டும் போனால் கிடைக்காது. வாடகை வீட்டுச் சமையலறையில் கேக் தட்டுகள் ஏராளம், குக்கர் கிடையாது. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கடுகு, முடிந்தால் ஒரு சின்ன குக்கர் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

புனித லாரன்ஸ் தேவாலயத்தில், பாடகர் வரிசையின் மடக்கு இருக்கைகளைத் தூக்கிப் பார்க்கத் தவறாதீர்கள். அடியில் பதினைந்தாம் நூற்றாண்டு மரச் சிற்பங்கள். ஒன்றில், அளவு குறைத்து பியர் விற்ற பெண்ணை அவளுடைய குவளையோடு பிசாசு நரகத்துக்குத் தூக்கிப்போகிறது. எடைக்கல்லில் விளையாடும் எல்லாருக்கும் ஊர் விடுத்த எச்சரிக்கை.

கோட்டையைப் பற்றி வழிகாட்டிகள் சொல்வது பெரும்பாலும் 1502இல் இங்கே இறந்த இளவரசர் ஆர்தரின் கதை. அவர் பிழைத்திருந்தால் தம்பி எட்டாம் ஹென்றிக்கு அரியணையே கிடைத்திருக்காது. எனக்கு உறைத்தது வேறொரு பெயர். 1811இல் இந்தக் கோட்டையை அரசிடமிருந்து வாங்கியவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், 1798 முதல் 1803 வரை மதராஸின் ஆளுநர். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799இலும், மருது சகோதரர்கள் தூக்கிலேறிய 1801இலும் ஜார்ஜ் கோட்டையில் ஆட்சி செய்தவர் இவர்தான். கோட்டை இன்றும் அவர் வழிவந்த போவிஸ் பிரபுக் குடும்பத்தின் வசம். நுழைவுச் சீட்டுக்குப் பணம் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. இருந்தாலும் கொடுத்தேன், கோபுரத்தின் உச்சியிலிருந்து தெரியும் டீம் ஆறு என்ன குற்றம் செய்தது?

சந்தை இல்லாத செவ்வாய்க்கிழமையை ஸ்டோக்ஸே கோட்டைக்கு ஒதுக்கலாம். அடுத்த ரயில் நிலையமான கிரேவன் ஆர்ம்ஸில் இறங்கி நடந்துவிடலாம். லட்லோவின் கம்பளி வியாபாரி ஒருவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மாளிகை அது. கோட்டை என்று பெயர், உள்ளே வியாபாரியின் சொகுசு.

செப்டம்பரில் உணவுத் திருவிழா நடக்கிறது. அப்போது வீடு கிடைப்பதே கடினம். மே மாதம் போதும். வெள்ளிக்கிழமை சாவி வாங்கித் திங்கள் வரை தங்கினால் மூன்று சந்தைகள் கிடைக்கும். திங்களன்று காலை பத்து மணிக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். பெட்டிகளை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே கேட்டுவைத்தால், ரயில் ஏறுமுன் சந்தைக்கு இன்னொரு முறை போய்வரலாம்.