செவ்வாழையும் சால் லைட்டரும்

நான் ஃபோட்டோ பிடிக்கக் கற்றுக்கொண்டது நாகர்கோவிலில், ஒரு கல்யாண ஸ்டுடியோவில். முதலாளியை அண்ணாச்சி என்போம். அவர் சொல்லித் தந்த முதல் பாடம், படத்துக்குக் குறுக்கே எதுவும் வரக்கூடாது என்பது. மண்டபத்துத் தூண், வீடியோக்காரரின் முதுகு, மேலே தொங்கும் சீரியல் செட் வயர், எது வந்தாலும் வசவு நிச்சயம். "லேய், முன்னால தூணு நிக்குல்லா? நவுந்து எடுல." பத்து வருஷம் நவுந்து நவுந்தே எடுத்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்காரர்கள் காசு கொடுப்பது முகத்துக்கு, தூணுக்கு யார் தருவார்கள்? அண்ணாச்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் ஆல்பம் எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருந்தபோது சும்மா நெட்டில் மேய்ந்ததில் கிடைத்தவர் அமெரிக்க ஃபோட்டோக்காரர் சால் லைட்டர். (பெயரைச் சொன்னால் கூட வேலை பார்க்கும் தம்பி தீப்பெட்டி எடுத்து நீட்டுகிறான்.) முதலில் பார்த்த படம் 1957இல் எடுத்தது. மேலே கறுப்பு, கீழே கறுப்பு. நடுவில் பலகை இடுக்கு வழியாக ஒரு கீற்று நியூயார்க் தெரு, அவ்வளவுதான். படத்தில் பாதிக்கு மேல் இருட்டு. அண்ணாச்சி பார்த்திருந்தால் அந்த ஆளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார். எனக்கோ அந்தக் கீற்றை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

லைட்டர் 1923இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா பெரிய யூத மத அறிஞர், மகனும் ரபி, அதாவது யூத மதகுரு, ஆகவேண்டும் என்பது வீட்டின் முடிவு. மகன் 1946இல் படிப்பை விட்டுவிட்டு ஓவியனாகப் போகிறேன் என்று நியூயார்க் கிளம்பிவிட்டார். வண்ணப் படம் என்றால் விளம்பரத்துக்கானது, கலை என்றால் கறுப்பு வெள்ளை என்று பெரிய கைகள் நினைத்திருந்த காலத்தில், தன் வீட்டைச் சுற்றியிருந்த சில தெருக்களில் கலர் ஸ்லைடாக எடுத்துத் தள்ளினார். காசில்லாத நாட்களில் தேதி முடிந்த ஃபிலிம்கூட வாங்கிப் போட்டிருக்கிறார். வயிற்றுப்பாட்டுக்கு ஃபேஷன் பத்திரிகை வேலை. அந்தப் படங்கள் என்னை அவ்வளவாக இழுக்கவில்லை, அதை விடுவோம். அந்தத் தெருப் படங்கள் 'ஏர்லி கலர்' என்று புத்தகமாக வந்தது 2006இல். அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அதன்பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2013இல் இறந்துபோனார். பிரபலமானவர்களின் படத்தைவிட மழைத்துளி படிந்த ஜன்னல்தான் தனக்குப் பிடிக்கும் என்று சொன்ன மனிதர். 1960இல் எடுத்த பனிக்காலப் படத்தில் கண்ணாடி முழுக்க ஆவி, நீர் வழிந்த கோடுகள், அந்தப் பக்கம் ஒரு ஆள் உருவம். முகம் கிடையாது. நானாக இருந்தால் முதலில் கண்ணாடியைத் துடைத்திருப்பேன்.

அவர் படங்களில் அடிக்கடி ஒரு சிவப்பு எட்டிப் பார்க்கும். பனியில் காலடித் தடங்கள், மேலிருந்து பார்க்க ஒரு சிவப்புக் குடை, இதுதான் ஊர் அறிந்த படம். ஆர்வம் தாங்காமல் நானும் ஒரு சிவப்புக் குடை வாங்கி, சித்தி மகளை மழையில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நடக்கவிட்டேன். நாலு தடவை நடந்தாள். ஐந்தாம் தடவை, "அண்ணே, எனக்குச் சளி பிடிச்சா அம்மைக்கிட்ட நீயே பேசிக்க" என்று டீக்கடைக்குள் போய்விட்டாள். படங்கள் குடைக் கம்பெனி காலண்டர் மாதிரி வந்தன. இன்ஸ்டாகிராமில் மழைக்காலத்தில் திரியும் சிவப்புக் குடைகளைப் பார்க்கையில், நான் மட்டும் தனியாள் இல்லை என்று ஒரு ஆறுதல்.

விஷயம் பிடிபட்டது பஸ்ஸில்தான். தக்கலைக்கு சாயங்கால பஸ், நல்ல மழை. எல்லோரும் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். என் பக்கத்து ஷட்டர் பாதி துருப்பிடித்தது, கடைசி வரை இறங்காது. கீழே மூன்று விரல் அகலத்துக்கு இடைவெளி. சாரல் முழங்கையில் அடித்துக்கொண்டிருந்தது. வில்லுக்குறி பக்கம் பஸ் நின்றபோது அந்த இடைவெளியில் ஒரு மொபெட், பின்னால் கட்டியிருந்த செவ்வாழைத் தார். ஓட்டுகிறவரின் தலை தெரியவில்லை, சக்கரம் தெரியவில்லை. நனைந்த சட்டை முதுகும் அந்தச் சிவப்பும் மட்டும்.

முதல் க்ளிக் வீண். ஃப்ரேம் முழுக்கக் கறுப்பு என்றால் கேமரா ஏமாந்துவிடும். இருட்டைச் சாம்பல் ஆக்கப் பார்த்து, வெளிச்சம் உள்ள கீற்றை வெறும் வெள்ளையாக வெளுக்க வைத்துவிடும். எக்ஸ்போஷரை மைனஸ் இரண்டுக்கு இறக்கி மறுபடி எடுத்தேன். வெளிச்சத்தை உணரும் வேகமான ஐ.எஸ்.ஓ.வை 1600 வைத்தும் கை ஆட்டம் லேசாக இருக்கிறது. லைட்டர் அந்தத் தெருப் படங்களை எடுக்கத் தொடங்கிய காலத்தில் கோடாக்ரோம் கலர் ஃபிலிமின் வேகம் வெறும் ஏ.எஸ்.ஏ. (ஐ.எஸ்.ஓ.வின் பழைய பெயர்) 10. அதை வைத்துக்கொண்டு அந்தி நேரத்திலும் பனியிலும் அவர் எப்படி எடுத்தார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சில படங்களில் உருவம் கலங்கியிருப்பதற்குக் கவித்துவம் மட்டும்தான் காரணம் என்று இப்போது நான் நம்புவதில்லை.

நம் நாட்டில் இதே ருசியைத் தேடுகிறவர்கள் ரகுபீர் சிங்கைப் பாருங்கள். ஜெய்ப்பூர்க்காரர், அவரும் கலர் பித்து. அம்பாசிடர் காருக்குள் உட்கார்ந்து கதவு, கண்ணாடி, டாஷ்போர்டு எல்லாம் குறுக்கே வரும்படி இந்தியாவைச் சுற்றி எடுத்திருக்கிறார். ஒரே ஃப்ரேமில் நாலு ஃப்ரேம் இருக்கும். 1999இல் அவர் காலமான பிறகுதான் அந்தக் கார்ப் புத்தகம் வெளிவந்தது. லைட்டரிடம் அமைதி, இவரிடம் சந்தைக்கடை. எனக்கு இரண்டும் வேண்டும்.

செவ்வாழைப் படத்தை எட்டுக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் போட்டு அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழம் நல்லாத்தான் இருக்கு. அந்த ஷட்டரைத் தூக்கிட்டு எடுத்திருக்கலாம்லா?"

"அது துருப்பிடிச்சது அண்ணாச்சி."

"அப்போ சரி" என்று மேஜைக் கண்ணாடிக்கு அடியில், ரேட் கார்டு பக்கத்தில் செருகி வைத்துவிட்டார்.